அப்பாவின் தலைமாட்டுப் புத்தகங்கள்: கலைப்பதா, அப்படியே விடுவதா?

கேட்டவர்: குடவாசல் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா போன மாசியில் தவறிவிட்டார். வயது 81. பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஆற்று மதகுகளைப் பார்த்துக்கொள்கிற ஊழியராக, இருந்தவர். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லணையிலிருந்து வருகிற வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். அந்த ஷட்டர்களோடுதான் அவர் காலம் கழிந்தது. மேட்டூரைத் திறந்துவிட்டால் அப்பாவுக்கு முழு ராத்திரி என்று ஒன்று கிடையாது. போய் மட்டம் பார்ப்பார், வந்து படுப்பார், மறுபடி எழுந்து போவார். நடுவில் தூக்கம் பிடிக்காத நேரத்துக்குத்தான் புத்தகம். கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு முக்காலி, அதன்மேல் அரிக்கேன் விளக்கு, பக்கத்தில் புத்தக அடுக்கு, முக்காலியின் காலில் சணலால் கட்டிய ஒரு பென்சில். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இரண்டு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து அடுக்கிலிருந்து ஒன்றை உருவுவார்.

அந்த அடுக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மொத்தம் ஒன்பது. உச்சியில் மூக்குக்கண்ணாடிக் கூடு. அதன் கீழே அந்த வருஷத்துப் பஞ்சாங்கம், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’, பிறகு சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியோடு பயணம் போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’, 1971-இல் வந்த பழைய பதிப்பு. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் மட்டும் இருக்கின்றன. மற்ற மூன்றும் தெருவில் யார் வீட்டிலோ இருக்கும், இரவல் போனது போனதுதான். உள்ளங்கை அளவில் ஒரு திருக்குறள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து நீடாமங்கலத்திலேயே பைண்டு செய்த ஒரு தொகுதி. அதற்குக் கீழே நான் எட்டாம் வகுப்பில் படித்த அட்லஸ். ஏன் அது அங்கே இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியாக அடியில், தென்னை வளர்ப்பு பற்றி ஒரு கிளை நூலகப் புத்தகம். திருப்பித் தர வேண்டிய தேதி கடந்து பல வருஷம் ஆகிறது.

அம்மா தினமும் முக்காலியைத் துடைக்கிறாள், அடுக்கை மட்டும் நகர்த்துவதில்லை. துணியை அடுக்கைச் சுற்றி ஓட்டுகிறாள். போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது பஞ்சாங்கத்தை எடுத்தேன். அட்டைக்கு அடியிலிருந்து வெள்ளி நிறத்தில் மூன்று நான்கு பூச்சிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ‘என் சரித்திரம்’ முதுகுப் பக்கம் பசை இருந்த இடமெல்லாம் சுரண்டியது போல் இருக்கிறது. அந்த அறையின் வடக்குச் சுவரில் ஐப்பசி மழைக்கு ஓதம் ஏறும். இப்படியே விட்டால் கார்த்திகைக்குள் பூசணம் பிடித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. “அவர் வச்ச மாதிரியே இருக்கட்டும்டி” என்கிறாள் அம்மா. அவளை மீறிச் செய்யவும் மனம் வரவில்லை.

என் கேள்வி இரண்டு. பூச்சிக்கும் ஓதத்துக்கும் வீட்டிலேயே என்ன செய்யலாம்? அப்புறம், இப்படி ஒரு தலைமாட்டு அடுக்கு உங்கள் வீட்டில் இருந்து, அதை வைத்திருந்தவர் போன பிறகு, நீங்கள் அதைக் கலைத்தீர்களா?

இன்னும் ஒன்று. ‘நடந்தாய் வாழி காவேரி’யின் ஓரங்களில் பென்சிலால் எண்கள் எழுதியிருக்கிறார். “5.2 – 4.1 – 2.3”, பக்கத்தில் ஒரு தேதி, சிலவற்றுக்கு மட்டும் ஒரு டிக். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர். எண்ணைப் பார்த்தால் கை தானாகக் கூட்டிப் பார்க்கும். எப்படிக் கூட்டியும் எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை. யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிளை நூலகர், மன்னார்குடி

அம்மா, முதலில் பூச்சியைப் பார்த்துவிடுவோம், அதற்குத்தான் நாள் குறைவு.

நீங்கள் பார்த்தது வெள்ளிப்பூச்சி. அதற்குப் பசையும் மாவும்தான் சாப்பாடு, இருட்டும் ஈரமும்தான் வீடு. அசையாமல் அடுக்கி வைத்த புத்தகம் அதற்கு அரண்மனை. உங்கள் அம்மா அடுக்கை நகர்த்தாமல் துடைப்பது அன்பினால்தான், ஆனால் பூச்சிக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. ஒவ்வொரு புத்தகத்தையும் வாசலுக்கு எடுத்துப் போய், முதுகைப் பிடித்துக்கொண்டு விசிறி போல் விரித்து உதறுங்கள். உலர்ந்த பெயிண்ட் பிரஷ் ஒன்றை வாங்கி, தையல் இருக்கும் இடுக்கில் ஓட்டி எடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். பழைய தாள் நேர் வெயிலில் அப்பளமாகிவிடும். நிழலில், ஃபேன் காற்றில், நிமிர்த்தி லேசாகத் திறந்து வைத்தால் போதும். நிரம்ப ஈரமாக இருந்தால் பத்து இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

அந்துருண்டை போடச் சொல்வார்கள். தூங்குகிற அறையில், வயதானவர் தலைமாட்டில், அந்த நெடி கூடாது. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு நடுவே சின்னத் துணிப்பை வைப்பார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துக் கட்டியது. எல்லாமே உங்கள் ஊர் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். வாசம் போனதும் மாற்றிவிடுங்கள். முக்காலியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஓதம் பாதி அதிலேயே குறையும்.

அந்தத் தென்னைப் புத்தகம். கூச்சப்படாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். முப்பது வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். எத்தனையோ வீடுகளில் பெரியவர் போன பிறகு பிள்ளைகள் மஞ்சள் பையில் நூலகப் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கி வருவார்கள். ஒருவரையும் நான் தேதி கேட்டதில்லை. நூலகத் துறைக்கே தந்தை என்கிறோமே ரங்கநாதன், அவர் நம் சீர்காழிக்காரர்தான். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதே 1931-இல் எங்கள் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். வண்டி கட்டி ஊருக்குள் வந்த புத்தகத்தின் வழிவந்தது உங்கள் அப்பா கையில் இருந்த புத்தகம். இன்னொரு தென்னைக்காரர் கைக்கு அது போகட்டும்.

கலைப்பதா வேண்டாமா என்பதில் என் எண்ணம் இது. எடுத்துத் துடைத்து அதே வரிசையில் வையுங்கள். வேண்டுமானால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வரிசை மாறாது.

பதில் 2: திருத்துறைப்பூண்டி தென்னந்தோப்பு

அக்கா, நான் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. என் தலைமாட்டில் இருபது புத்தகத்துக்கு மேல் இருந்தன. தாத்தா வைத்திருந்தவை ஏழு. விடிந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக, ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பியிருந்தன. தோப்பில் நின்ற மரங்களை எண்ணவே மூன்று நாள் ஆயிற்று, புத்தகத்தைப் பார்க்க யாருக்கு நேரம்? கரண்ட் இல்லாத அந்த வாரங்களில் ராத்திரியில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். கரிப்பெட்டியால், ரொம்ப மிதமான சூட்டில், துணி போட்டுத் தேய்த்தேன். தாத்தாவுடையதில் இரண்டு தேறின. ஒன்றில் நடுவே முப்பது பக்கம் இல்லை.

அதனால் என் தலைமாட்டில் இப்போது மூன்று புத்தகம்தான், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். மீதி பீரோவின் மேல்தட்டில். படிக்கிறதை மட்டும் வெளியே எடுப்பேன். அடுக்கு அழகுதான், நம் பக்கம் ஐப்பசியில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. படம் எடுத்துக்கொண்டு டப்பாவில் போடுங்கள் அக்கா. அம்மாவிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.

பதில் 3: பழைய ஒர்க் இன்ஸ்பெக்டர்

அந்த எண்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானும் அதே துறை, வெண்ணாற்றுப் பக்கம் இருபத்தாறு வருஷம்.

அம்மா, அது பணம் இல்லை. தலைப்புக்குக் கீழே மூன்று ஆறுகளின் மட்டம், அடிக்கணக்கு. முதல் எண் வெண்ணாறு, அடுத்தது கோரையாறு, மூன்றாவது பாமணியாறு. எங்கள் காலத்தில் அந்த வரிசையில்தான் சொல்வோம், எழுதுவோம். முறையான பதிவேடு தனியாக இருக்கும், காலையில் அதைப் பார்த்துத்தான் செக்ஷன் ஆபீசுக்குத் தகவல் போகும். ஆனால் ராத்திரியில் கொட்டும் மழையில் மட்டக்கோலைப் பார்த்துவிட்டு வருகிறவன் ஈரக்கையோடு பதிவேட்டைத் தொடமாட்டான். கைக்கு எது கிடைக்கிறதோ அதில் குறித்துக்கொள்வான், விடிந்ததும் பதிவேட்டில் ஏற்றுவான். ஏற்றியதற்குத்தான் அந்த டிக். சிகரெட் அட்டையில் எழுதினவர்களைப் பார்த்திருக்கிறேன், சுவரில் கரியால் எழுதினவரைப் பார்த்திருக்கிறேன். காவேரியைப் பற்றிய புத்தகத்திலேயே காவேரியின் தண்ணீர் மட்டத்தை எழுதிவைத்த லஸ்கரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஒரு விண்ணப்பம். 1977 நவம்பர் தேதி ஏதாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 12-ஆம் தேதி நாகப்பட்டினம் புயல். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பதில் 4: கூத்தாநல்லூர் வீட்டுக்காரி

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் வீட்டுக் கதை.

என் உம்மாவைப் பெற்ற பாட்டி தலையணைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் வைத்திருப்பார். அட்டை கிடையாது, பச்சைத் துணியில் சுற்றியிருக்கும். அவர் மௌத்தான பிறகு உம்மா அதைத் தேங்காய்ப்பூத் துண்டில் மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அரபி எழுத்து என்பதால் கிதாபு, மரியாதையாக இருக்கட்டும் என்று. பதினெட்டு வருஷம் யாரும் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். போன நோன்பில் தூக்கம் வராத ஒரு ராத்திரி அதை எடுத்து, மதரசாவில் படித்த பழக்கத்தில் எழுத்துக்கூட்டி வாய்விட்டு ஓதினேன். நான்காவது வரியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்கு அரபி, காதுக்குத் தமிழ்! அரபுத்தமிழ் அக்கா அது. நம் தமிழையே அரபி எழுத்தில் எழுதுவது. நம்முடைய ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லாத இடங்களில் கூடுதலாகப் புள்ளி வைத்துப் புது எழுத்து ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் ஓதப் பழகியிருப்பார்கள், அதனால் படிக்க முடிந்திருக்கிறது. பாட்டிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கைநாட்டுத்தான் வைப்பார். அத்தனை வருஷம் ராத்திரி ராத்திரி அவர் படித்துக்கொண்டிருந்தது தமிழை.

பூட்டியே வைத்திருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்போது அது என் தலைமாட்டில். திறந்து பாருங்கள் அக்கா, ஒவ்வொன்றையும்.

மறுபதில்: குடவாசல் மருமகள்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஊருக்குப் போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒர்க் இன்ஸ்பெக்டர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். அடுக்கை அவளே பிரித்தாள். கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, “அந்தத் தேதி இருக்கா பாரு” என்றாள்.

இருக்கிறது ஐயா. புத்தகத்தின் பாதிக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்க ஓரத்தில், மேலிருந்து கீழாக. 11.11.77 என்று போட்டு ராத்திரி எட்டு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள், ஒவ்வொன்றும் மேலே உள்ளதைவிடக் கூடுதல். பன்னிரண்டு மணி வரியில் வெண்ணாற்று எண் மட்டும் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லை. ஒன்றுக்கும் டிக் இல்லை. அந்தப் பக்கத்தில் தண்ணீர் சொட்டி எழும்பிய வட்டம் ஒன்று, காய்ந்து பழுப்பாகி. அம்மா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், அப்பா அன்றைக்குப் போனவர் மறுநாளுக்கு மறுநாள் சாயந்திரம்தான் வந்தாராம். இடுப்பு வரை சேறு. புத்தகத்தை வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாராம். அப்போது நான் பிறக்கவில்லை. இதுவரை இதை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஒரு குடும்பத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் அந்தப் புத்தகத்தை நான் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாக இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போது முக்காலி பக்கத்தில் உட்கார்ந்து இது என்ன எண் அப்பா என்று கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார்!

அட்லஸையும் திறந்தேன். தென்னிந்தியப் படத்தில் குடகிலிருந்து பூம்புகார் வரை காவேரியின் மேலேயே பென்சிலால் இழுத்திருக்கிறார். அங்கங்கே புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், அந்த எண் ‘நடந்தாய் வாழி காவேரி’யின் பக்க எண். அவர்கள் இரண்டு பேரும் போகப் போக இவரும் கூடவே போயிருக்கிறார், கட்டிலில் உட்கார்ந்தபடி. குடகுக்கு அப்பா போனதே இல்லை. கல்லணைக்கு மேற்கே அவர் தாண்டியது என் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தபோது சேலம் வரை ஒருமுறை.

நூலகர் ஐயா சொன்னபடியே உதறி, பிரஷ் ஓட்டி, திண்ணையில் ஃபேன் போட்டு இரண்டு நாள் வைத்தேன். ‘என் சரித்திரம்’ முதுகைச் சரிசெய்ய பைண்டரிடம் கொடுக்க நினைத்தேன், அம்மா வேண்டாம் என்றாள். காரணம், அதில் அப்பா அடையாளத்துக்கு வைத்த திருநீற்றுப் பொட்டலத் தாள் இருக்கிறது. அதுதான் அவர் கடைசியாகப் படித்த இடம். உ.வே.சா. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேருகிறாரே, அதற்குச் சில பக்கம் முன்னால் நிற்கிறது. அந்தப் புத்தகமே முடியாத புத்தகம்தான். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் எழுதிக்கொண்டு வந்தவர் 1942-இல் காலமாகிவிட, அதோடு நின்றுபோயிற்று. இருந்தாலும் கல்லூரி வேலை வரைக்குமாவது அப்பா வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

திருத்துறைப்பூண்டித் தம்பி, உன் பேச்சையும் கேட்டேன். ஆறு புத்தகம் மூடி போட்ட டப்பாவில் பரணுக்குப் போயாயிற்று. வரிசையைப் படம் எடுத்திருக்கிறேன். தென்னைப் புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பெண் தேதி கேட்கவில்லை, அப்பா பேரைக் கேட்டாள்.

முக்காலியில் இப்போது இரண்டுதான், காவேரிப் புத்தகமும் ‘என் சரித்திர’மும். சனி, ஞாயிறு நான் போகும்போது பொட்டலத் தாள் இருந்த இடத்திலிருந்து அம்மாவுக்கு வாசிக்கிறேன். அவள் ஐந்தாவதோடு பள்ளியை நிறுத்தியவள். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடிப்பாள், நடுவில் “மாயவரத்துக்கு அப்போ வண்டியிலதான் போனாங்களா?” என்பாள். முடித்ததும் தாளை அவள்தான் புதுப் பக்கத்தில் வைக்கிறாள். போன வாரம் கும்பகோணம் வேலை கிடைத்த இடத்தைத் தாண்டிவிட்டோம்.

கூத்தாநல்லூர்த் தங்கை, உன் பாட்டியின் புத்தகத்தைக் கொஞ்சமாவது தமிழ் எழுத்தில் எழுதி வை. உன் பிள்ளைகளுக்கும் வேண்டுமல்லவா.

நூலகர் ஐயாவுக்கு ஒரு சந்தேகம். துணிப்பை கட்டி முக்காலியில் வைத்தேன். அம்மா, வாசம் தலையைச் சுற்றுகிறது என்கிறாள். வசம்பைக் குறைத்துக் கிராம்பைக் கூட்டலாமா?

பதில் 5: ஓய்வுபெற்ற கிளை நூலகர், மன்னார்குடி

தாராளமாகக் கூட்டுங்கள். வசம்பை அப்படியே விட்டுவிட்டுக் கற்பூரத்தை எடுத்துவிடுங்கள், தலையைச் சுற்றுவது அதுதான். பை அம்மாவின் தலையணைப் பக்கம் வேண்டாம், சுவர்ப் பக்கம் இருக்கட்டும்.